தரிசு என்னும் சொல்லும் நன்னீர் வாழிடங்களும்: நிலப்பெயரீட்டின் சூழலியல் விளைவுகள்

ஆய்வுச் சுருக்கம்

மாந்தர் நிலத்தைப் பயன்படுத்தும் முறை மாறும்போது காட்டுயிர்களின் வாழிடமும் நன்னீர்ச் சூழலும் உடன் மாறுகின்றன. அம்மாற்றத்திற்கு முன்பே, பெரும்பாலும், அந்நிலத்தைக் குறிக்கும் சொல் மாறிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளி, வடதமிழகத்துப் பாசன ஏரி, சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைக் கழுவெளி ஆகிய மூன்று நிலங்களும் இக்கருதுகோளுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. வருவாய்க் கணக்கு இந்நிலங்களைத் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் குறித்தமையும், அக்குறிப்பு நிலப்பயன்பாட்டை மாற்றியமைத்த விதமும், அதனால் உயிரினங்களும் நீரோட்டமும் அடைந்த விளைவுகளும் ஆராயப்படுகின்றன. வட்டாரத் தமிழில் வழங்கும் நீர்நிலைச் சொற்களைத் தொகுத்து ஈரநிலப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் வழிகளும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தரிசு, புறம்போக்கு, கழுவெளி, ஏரி, மலைப் புல்வெளி, ஈரநிலம், திணை, வாழிடம்.

முன்னுரை

காடு அழிந்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டுண்ட மரமும் வெறுமையான மலைச்சரிவும் தாமே சான்று கூறும். புல்வெளியும் சதுப்பும் ஏரியின் ஆழமற்ற விளிம்பும் அழியும்போது அவ்வாறு எதுவும் தெரிவதில்லை. புல்வெளியில் மரம் நட்டால் அது வளமாக்கமாகவும், சதுப்பில் மண் கொட்டினால் நில மேம்பாடாகவும், ஏரி விளிம்பைச் சுவர்கட்டி ஒழுங்குபடுத்தினால் சீரமைப்பாகவும் கருதப்படுகின்றன. அழிவு ஆக்கமாகத் தோன்றும் இந்நிலைக்குக் காரணம் என்ன என்பதே இவ்வாய்வின் தொடக்க வினா.

சூழலியலார் இவ்வினாவுக்கு உயிரியல், நீரியல் தரவுகளைக் கொண்டு விடை தேடுவர். தமிழாய்வாளர் அதே வினாவைச் சொல்லின் வழியாக அணுக இடமுண்டு. ஒரு நிலத்திற்கு இடப்படும் பெயர், அந்நிலத்தில் எது செய்யத்தக்கது, எது செய்யத்தகாதது என்பதை ஓரளவு முன்கூட்டியே வரையறுத்துவிடுகிறது. பயனற்றது என்று பெயரிடப்பட்ட ஒன்றைப் பயனுள்ளதாக்க முனைவது இயல்பு. ஆகவே பெயரிட்டவர் எந்த அளவுகோலைக் கைக்கொண்டார் என்று அறிதல் வேண்டும்.

மலையிலிருந்து கடலை நோக்கி நீர் இறங்கும் வரிசையிலேயே இக்கட்டுரை மூன்று நிலங்களை எடுத்துக்கொள்கிறது. இம்மூன்றும் ஒரே ஆற்றின் படுகையைச் சேர்ந்தவை அல்ல. நீரை ஈர்த்து வைத்து மெல்ல வெளிவிடும் பணியை மலையில் புல்வெளியும், சமவெளியில் ஏரியும், கடலோரத்தில் கழுவெளியும் செய்கின்றன என்னும் செயல் ஒற்றுமையே இவற்றை ஒருசேர வைத்து நோக்கக் காரணமாகும்.

1. திணைசார் நிலநோக்கும் அதன் எல்லையும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அந்நிலத்தில் தோன்றி நிலைபெறுவனவற்றைக் கருப்பொருளாகவும், மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாகவும் வகுக்கிறது. கருப்பொருளுள் விலங்கும் பறவையும் மரமும் உணவும் தொழிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நிலம் ஒன்றை அறிய வேண்டுமெனில், அங்கு வாழ்வன யாவை, அங்குள்ளோர் செய்வன யாவை என்பவற்றைச் சேர்த்தே அறிய வேண்டும் என்னும் நோக்கு இவ்வகைப்பாட்டில் உள்ளது. பயிர் விளையாத நிலம் என்பதற்காக எந்நிலமும் இவ்வகைப்பாட்டிலிருந்து விலக்கப்படவில்லை. மலையும் காடும் கழிக்கரையும் வயலோடு ஒத்த நிலையிலேயே வைத்து எண்ணப்பட்டன.

பாலையின் இடம் இங்குக் குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் விளக்கம். வறுமை நிலத்தின் பிறவிக்குணம் அன்று, நிலம் அடையும் நிலைமாற்றம் என்னும் தெளிவை இவ்விளக்கம் வழங்குகிறது.

ஆயினும் இதனை மிகைப்படுத்திக் கூறலாகாது. திணைக்கோட்பாடு செய்யுளியல் சார்ந்தது; நில அளவைக்கோ உயிரினக் கணக்கெடுப்புக்கோ எழுதப்பட்டதன்று. சங்க இலக்கியம் காடழிப்பைக் கண்டிக்கும் இலக்கியமும் அன்று. காட்டைத் திருத்தி நாடாக்கியதையும் குளம் தொட்டு வளம் பெருக்கியதையும் கரிகாலனின் பெருமைகளாகப் பட்டினப்பாலை போற்றுகிறது. நிலத்தை மாற்றுதல் பழந்தமிழர்க்குப் புதியது அன்று. மாற்றப்பட்ட நிலத்திலும் பறவைக்கும் மீனுக்கும் இடம் இருந்ததா என்பதே நாம் கேட்கத்தக்க வினா. அவ்வாறு இடம் தந்த செயற்கை நிலத்திற்குச் சிறந்த சான்று ஏரி. அது நான்காம் பகுதியில் விளக்கப்படும்.

2. வருவாய்க் கணக்கின் நிலச்சொற்கள்

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ நிலைபெறச் செய்த இரயத்துவாரி முறை, நிலத்தைத் தீர்வை என்னும் ஒற்றை அளவுகோலால் பகுத்தது. நஞ்சை, புஞ்சை என்பன தீர்வை தரும் நிலங்கள். தீர்வை தரக்கூடியதாக இருந்தும் பயிரிடப்படாதது தீர்வை ஏற்பட்ட தரிசு. தீர்வை விதிக்கவே இயலாதது தீர்வை ஏற்படாத தரிசு. பொதுப்பயனுக்காக ஒதுக்கப்பட்டுத் தீர்வையிலிருந்து நீக்கப்பட்டது புறம்போக்கு. இப்புறம்போக்கினுள்ளேயே ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, பாதைப் புறம்போக்கு எனப் பல வகைகள் அமைந்தன.

இச்சொற்கள் தீய நோக்கத்தில் ஆக்கப்பட்டவை அல்ல. கணக்கெழுதுவோர்க்கு இவை தேவையாயிருந்தன. புறம்போக்கு என்னும் வகைமை, ஊரார் பொதுவில் துய்க்கும் நிலத்தைத் தனியார் பட்டாவிலிருந்து காக்கவும் செய்தது. எனினும், ஒரு நிலத்தில் நீர் தேங்குகிறதா, புல் வளர்கிறதா, பறவை கூடு கட்டுகிறதா என்பவற்றைச் சொல்லும் ஆற்றல் இவ்வகைப்பாட்டிற்கு இல்லை. மலைப் புல்வெளியும் கடற்கரைச் சதுப்பும் இயல்பால் முற்றிலும் வேறானவை. கணக்கில் அவை இரண்டும் தரிசு என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கின.

காலப்போக்கில் இச்சொற்களின் பொருளும் இழிந்தது. பொதுநிலத்தைக் குறித்த புறம்போக்கு என்னும் சொல் இன்று பேச்சுவழக்கில் பயனற்றவரைச் சுட்டும் வசைச்சொல்லாக வழங்குகிறது. யார்க்கும் உரியதன்று என்னும் கருத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்தாகத் திரிந்தமைக்கு இப்பொருள்மாற்றம் ஒரு சொல்லியல் சான்றாகும்.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வகைப்பாட்டின் சாயல் நீங்கவில்லை. 1985இல் தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. பின்னர் இந்திய அரசு வெளியிட்ட தரிசுநில வரைபட ஏடுகளில் நீர்தேங்கு நிலமும் சதுப்பு நிலமும் தரிசின் வகைகளாகவே இடம்பெற்றன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை நோக்கும் காலத்திலும், பயிர் உண்டா, இல்லையா என்னும் பழைய வினாவே தொடர்ந்தது.

3. மலைப் புல்வெளி: மரமற்ற நிலம் வெற்றுநிலமான வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. பள்ளத்தாக்கின் மடிப்புகளில் சோலை அமையும். வெளித்தோன்றும் சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி அமையும். மரம் வெட்டப்பட்டதால் உண்டான வெற்றிடமே இப்புல்வெளி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நீலகிரியின் முற்றாநிலக்கரிப் படிவுகளில் நிகழ்த்தப்பட்ட கரிம ஐசோடோப்பு ஆய்வுகள், இங்குப் புல்வெளி பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்துவருவதை நிறுவின. வேளாண்மை தோன்றுவதற்கு முன்பிருந்தே இம்மலைகளில் புல் செழித்திருந்தது என்பது இதனால் உறுதிப்படுகிறது.

1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தபின் நிலப்பயன்பாடு விரைந்து மாறியது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி, வந்தோர் கண்ணுக்கு ஆளற்ற, மரமற்ற வெறுவெளியாகத் தெரிந்தது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகை மரமும் கொண்டுவரப்பட்டன. குடியிருப்புகளுக்கான விறகுத் தேவை முதற்காரணம். 1860களில் தரிசுநில விதிகளின்கீழ் தோட்டப்பயிருக்கு நிலங்கள் வழங்கப்பட்டன. விடுதலைக்குப் பின், தோல் பதனிடுவதற்கான பட்டைக்கும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்கும் வேண்டி, புல்வெளியில் இம்மரங்கள் பெரும்பரப்பில் நடப்பட்டன. இது காடு வளர்ப்பு என்றே அழைக்கப்பட்டது.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டன. முதலாவது, உயிரினங்களுக்கு நேர்ந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு திறந்த புல்வெளியில் மேய்ந்து, பாறைச் செங்குத்துகளில் ஒதுங்கி வாழ்வது. அடர்ந்த மரக்கூட்டத்தினுள் அது வாழ்வதில்லை. சங்கப் பாடல்களில் வரும் வருடை இவ்விலங்கே என்பது அறிஞர் பலர் கருத்து. புல்வெளி துண்டுபட்டதால் வரையாட்டுக் கூட்டங்களும் தீவுகளைப்போல் பிரிந்தன. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறுபறவையும் இப்புல்வெளிகளைச் சார்ந்தே வாழ்கிறது. பழனி மலைப்பகுதியில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் அங்குப் புல்வெளி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. மரங்களின் பரப்பு கூடியமையால், இவ்விழப்பு பசுமைப் பரப்பின் பெருக்கமாகக் கணக்கில் ஏறியது.

இரண்டாவது, நீருக்கு நேர்ந்தது. புல்லின் வேர்த்தொகுதி மேல்மண்ணை இறுகப் பற்றி, மழையையும் பனிமூட்டத்தின் ஈரத்தையும் உள்வாங்குகிறது. அவ்வீரம் பள்ளங்களிலுள்ள சதுப்புகளில் தங்கி, கோடையிலும் ஓடையாகக் கசிகிறது. தைலமரம் விரைந்து வளர்வதால் நிலத்தின் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சி ஆவியாக்குகிறது. உதகைக்கு அருகே கிளன்மார்கனில், அருகருகே அமைந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளைக் கொண்டு மண்வள நீர்வளப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதனை அளந்தனர். ஒன்றில் புல்வெளி அப்படியே விடப்பட்டது. மற்றொன்றின் பெரும்பகுதியில் தைலமரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி மறுதுளிர்ப்பு விட்ட இரண்டாம் சுழற்சியில் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. பவானியும் மோயாறும் இம்மலைகளிலிருந்தே நீர் பெறுகின்றன. 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டமும் இம்மலைநீரையே நம்பி அமைந்தது.

வரையாட்டுத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அயல்மரங்களை நீக்கிப் புல்வெளியை மீட்கும் முயற்சியும் அதன் ஒரு கூறாகும். நூற்றாண்டுக்கு மேலாக மரம் நடப்பட்ட இடத்தில், இன்று மரம் நீக்குவது மீட்பாகக் கருதப்படுகிறது. தரிசு என்று எண்ணப்பட்ட இடத்தைப் புல்வெளி என்று அறிந்துகொண்டதால் நேர்ந்த மாற்றம் இது. ஆயினும் சீகையின் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடப்பதால், மரத்தை வெட்டியவுடன் புல் மீள்வதில்லை. ஆண்டுதோறும் நாற்றுகளைக் களையெடுக்க வேண்டியுள்ளது. சொல்லைத் திருத்துவதினும் நிலத்தைத் திருத்துவது கடினம் என்பதை இது உணர்த்துகிறது.

4. ஏரி: மாந்தர் ஆக்கிய ஈரநிலம்

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. தென்மாவட்டங்களில் இவை கண்மாய் என்றும் குளம் என்றும் வழங்கும். ஏரி இயற்கையாக அமைந்தது அன்று. நிலத்தின் சரிவை அறிந்து, குறுக்கே கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் வேளாண் கட்டுமானம் அது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊராட்சிக் குழுக்களுள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. வரத்துக்கால், மதகு, தூம்பு, கலிங்கு ஆகிய சொற்கள் அதன் உறுப்புகளை நுட்பமாக வேறுபடுத்துகின்றன. மேல் ஏரியின் மிகைநீர் கலிங்கு வழியாகக் கீழ் ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஏரிகள் சங்கிலித்தொடராக இணைந்திருந்தன.

இவ்வமைப்பே நன்னீர் உயிர்களுக்கும் வாழிடமாயிற்று. ஏரியின் கரைப்பக்கம் ஆழமுடையது; எதிர்ப்பக்கம் படிப்படியாக மேடாகி, நீர் பரவும் ஆழமற்ற விளிம்பாக முடிவது. மழைக்காலத்தில் இவ்விளிம்பு நனைகிறது, கோடையில் காய்கிறது. நனைந்து காயும் இச்சுழற்சியில் கோரையும் அல்லியும் பூச்சிகளும் தவளைகளும் பெருகுகின்றன. விராலும் கெளுத்தியும் சேற்றில் ஒடுங்கிக் கோடையைக் கடக்கின்றன. நீர் பெருகும்போது மீன்கள் கலிங்கு வழியும் கால்வாய் வழியும் ஏரிவிட்டு ஏரி சேர்கின்றன. நாரையும் கொக்கும் ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. நீரின் ஆழம் ஒரு சாண் கூடினாலும் பல கரைப்பறவைகளுக்கு அவ்விடம் பயனற்றதாகிவிடும்.

வேடந்தாங்கல் இதற்குத் தெளிந்த சான்று. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடைய இவ்வேரியின் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா, பாம்புத்தாரா முதலியன கூடு கட்டுகின்றன. பறவையெச்சம் கலந்த நீர் வயலுக்கு எருவாதலை ஊரார் அறிந்திருந்தனர்; பறவைகளைக் காத்தனர். அவ்வுரிமையை ஏற்று 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் வழங்கினார். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்திலும் பறவைகளின் வரவை நல்வரவாகக் கருதி ஊரார் காத்துவருகின்றனர். இங்கெல்லாம் பாதுகாப்பு பயன்பாட்டோடு இணைந்தே இருந்தது. வேளாண்மை நின்றுவிட்டால் ஏரியைப் பேணுவோர் இலர். ஏரி தூர்ந்தால் பறவைக்கு இடமில்லை.

வேடந்தாங்கல் பறவைகள் ஏரிக்குள் கூடு கட்டினும், இரைக்குச் சுற்றியுள்ள ஏரிகளையும் நெல்வயல்களையும் நாடுகின்றன. இதனை உணர்ந்தே 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்பரப்பைச் சுருக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மரங்கள் நிற்கும் ஏரி மட்டுமே வாழிடம் என்று கொண்டால், வயலைத் தொழிற்கூடமாக மாற்றுவது பறவையைப் பாதிக்காது என்று தோன்றும். இரை தேடும் இடமும் வாழிடமே என்று கொண்டால் கணக்கு மாறிவிடும்.

நகர்ப்புறத்தில் ஏரியின் வரலாறு வேறாயிற்று. சென்னையின் நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர்ப் பகுதி உருவாயிற்று. 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. அம்பத்தூர், முகப்பேர்ப் பகுதிகளில் ஏரித் திட்டம் என்னும் பெயருடைய குடியிருப்புகள் உள்ளன. ஏரி மறைந்தபின்னும் அதன் பெயர் முகவரியில் எஞ்சியிருக்கிறது. பாசனம் நின்றவுடன் ஏரி தன் பயனை இழந்ததாகக் கருதப்பட்டது. புறம்போக்கு என்னும் வகைமை அதனை வீட்டுமனையாக்க எளிதான வழியைத் திறந்தது.

இன்று ஏரிகளைச் சீரமைக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. அது வரவேற்கத்தக்கது. ஆயினும் சீரமைப்பு என்பது பல இடங்களில் ஏரியின் அடியைச் சமமாக ஆழப்படுத்துதல், நாற்புறமும் செங்குத்தான கரை எழுப்புதல், நடைபாதை அமைத்தல் என்னும் அளவில் நின்றுவிடுகிறது. கொள்ளளவு கூடுகிறது, ஆழமற்ற விளிம்பு மறைகிறது. நீர்த்தொட்டியாக நோக்கினால் இது முன்னேற்றம். கருப்பொருளோடு கூடிய நிலமாக நோக்கினால், நாரை நிற்க இடமில்லாத நீர்ப்பரப்பே எஞ்சும்.

5. கழுவெளி: பெயர் மறைந்த சதுப்பு

பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றுப்புற மக்கள் கழுவெளி என்று அழைத்தனர். மழைவெள்ளம் வந்து பரவித் தங்கும் தாழ்நிலத்தைக் குறிக்கும் வட்டாரச் சொல் இது. நிலமா, நீரா என்று பிரிக்காமல், பருவத்திற்கேற்ப இரண்டுமாக இருக்கும் தன்மையை இச்சொல் ஏற்றுக்கொள்கிறது. வருவாய்க் கணக்கில் இத்தன்மையைக் குறிக்கச் சொல் இல்லை. ஆகவே கழுவெளியும் தரிசாகவே நோக்கப்பட்டது.

தென்சென்னையின் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர், மேலுள்ள ஏரிகளின் மிகைநீரோடு கலந்து இச்சதுப்பை அடைகிறது. அங்குத் தங்கியபின் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. மேலிருந்து வரும் நன்னீரும் கடற்பக்கமிருந்து ஏறும் உவர்நீரும் பருவந்தோறும் மாறி மாறி ஆள்வதால், இருவகை நீருக்கும் உரிய உயிர்கள் இங்கு வாழ்கின்றன. பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் நீளவால் இலைக்கோழியும் இங்குக் காணத்தக்கவை.

1960களில் இச்சதுப்பு 5,000 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடையதாக இருந்தது. 1980களில் பெருங்குடியில் மாநகரக் குப்பை கொட்டப்படத் தொடங்கியது. பின்னர்க் கல்வி, ஆய்வு நிறுவனங்களும் சாலைகளும் தொடர்வண்டிப் பாதையும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலை சதுப்பின் ஊடே சென்று அதனை இரு கூறாக்கியது. குப்பையிலிருந்து கசியும் நீர் நன்னீரைக் கெடுத்தது. சாலைக்கரை நீரோட்டத்தை மறித்தது. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடியது. இங்கே வாழிட அழிவும் நீர்ச்சூழல் கேடும் ஒரே நிகழ்வின் இருமுகங்களாயின.

2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் 1,247.54 எக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடையே 2015 டிசம்பர்ப் பெருமழை நிகழ்ந்தது. அப்போது வேளச்சேரியும் சதுப்பைச் சூழ்ந்த பிற குடியிருப்புகளும் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வெள்ளத்திற்குக் காரணங்கள் பல. எனினும், நீர் பரவித் தங்குவதற்கென இருந்த இடம் மனைகளாக மாறியிருந்தது என்பது அவற்றுள் ஒன்று. நிலம் தன் பழைய பெயரின்படியே நடந்துகொண்டது. அப்பெயரின் பொருளை மாந்தரே மறந்திருந்தனர்.

மரக்காணம் அருகேயுள்ள மற்றொரு சதுப்பு இன்றும் கழுவெளி என்றே வழங்குகிறது. 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பெயர் நிலைத்ததனால் மட்டுமே அது பிழைத்தது என்று கூறுவது பொருந்தாது. பெருநகரத்தின் நெருக்கடி அதற்கு நேரவில்லை. ஆயினும், ஒரு பொதுச்சொல் ஓரிடத்தில் இடப்பெயராக நின்று அரசாணையிலும் ஏறியமையும், மற்றோரிடத்தில் வழக்கிழந்தமையும் ஒப்புநோக்கத் தக்கன.

6. சட்ட வரையறையில் எஞ்சும் இடைவெளி

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, இயற்கையானவற்றையும் செயற்கையானவற்றையும் சேர்த்தே ஈரநிலம் என வரையறுக்கிறது. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளோ, குடிநீருக்கெனவும் பாசனத்திற்கெனவும் மாந்தர் ஆக்கிய நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் ஈரநிலம் என்னும் சொல்லின் பொருளிலிருந்து விலக்குகின்றன.

இவ்வரையறை தமிழ்நாட்டிற்குப் பொருந்துமாறு எங்ஙனம்? 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சார் ஈரநிலங்கள் 20. அவற்றுள் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வெள்ளோடு, உதயமார்த்தாண்டபுரம், வடுவூர், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் முதலிய பலவும் பாசனத்திற்காக ஆக்கப்பட்டவையே. பட்டியலில் இடம்பெற்றமையால் இவை விதிகளின் காவலைப் பெறுகின்றன. அதே வகையைச் சார்ந்த, அதே பறவைகள் இரை தேடும் பல்லாயிரம் ஏரிகள், பாசனத்திற்கென ஆக்கப்பட்டவை என்னும் காரணத்தால் அவ்வரையறைக்கு வெளியே நிற்கின்றன. 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் ஏரியின் எல்லையைக் காக்க முனைகிறது. எல்லைக்குள் உள்ள வாழிடத்தின் தன்மை அதன் மையக் கருத்தன்று.

முன்னர்த் தீர்வை தராதது தரிசு எனப்பட்டது. இப்போது இயற்கையாக அமையாதது ஈரநிலமன்று எனப்படுகிறது. அளவுகோல் மாறியுள்ளது, ஒற்றை அளவுகோலால் நிலத்தை வகுக்கும் முறை மாறவில்லை.

7. தமிழாய்வு செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்வினின்று தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று புலனாகின்றன.

முதலாவது, வட்டார நீர்நிலைச் சொற்களைத் தொகுத்தல். கழுவெளி, தாங்கல், ஏந்தல், ஊருணி, கண்மாய், மடு முதலிய சொற்களுக்கு அகராதிகள் பெரும்பாலும் நீர்நிலைவகை என்ற அளவிலேயே பொருள் தருகின்றன. நீரின் ஆழம், அது தங்கும் காலம், அங்கு வளரும் புல் பூண்டுகள், வாழும் மீன்கள், வரும் பறவைகள், ஊரார் பயன்பாடு ஆகியவற்றோடு ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்ய வேண்டும். மீனவரும் மேய்ப்பரும் கோரை அறுப்போரும் மடை திறப்போரும் இச்சொற்களின் பொருளை இன்றும் அறிந்தவர்கள்.

இரண்டாவது, இடப்பெயராய்வை நிலப்பதிவேட்டோடு இணைத்தல். பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்கள் நீர் தங்கிய இடங்களைச் சுட்டவல்லவை. இத்தகைய பெயர்களை வருவாய்ப் பதிவேட்டுக் குறிப்புகளோடும் பழைய நில அளவைப் படங்களோடும் ஒப்பிட்டால், எங்கெங்கு நீர்நிலை தரிசாகவும் பின்னர் மனையாகவும் மாறியது என்பதைக் கண்டறியலாம். பெயரை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது; களச்சான்றும் வேண்டும்.

மூன்றாவது, கலைச்சொல் திருத்தம். அரசின் தமிழ் ஆவணங்களில் சதுப்பையும் மலைப் புல்வெளியையும் தரிசு என்னும் தலைப்பின்கீழ் வைக்கும் வழக்கைச் சுட்டி, மாற்றுச்சொற்களை முன்மொழியலாம். மேம்பாடு, சீரமைப்பு, காடு வளர்ப்பு ஆகிய சொற்கள் எந்நிலத்தில் எவ்விளைவைத் தருகின்றன என்பதையும் ஆராயலாம்.

முடிவுரை

மலைப் புல்வெளியும் ஏரியும் கழுவெளியும் பயிர்விளைவு அல்லது தீர்வை என்னும் அளவுகோலில் வெறுமையாகத் தெரிந்தன. அவ்வெறுமையை நிரப்ப முனைந்த நிலப்பயன்பாடு, வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தையும் நாரையின் இரைநிலத்தையும் மழைநீரின் தங்கிடத்தையும் ஒருங்கே சுருக்கியது. இம்மூன்று இழப்புகளிலும் காட்டுயிரின் வாழிடமும் மாந்தரின் நீர்வளமும் ஒன்றாகவே குறைந்தன. வேடந்தாங்கல் போன்ற ஏரிகள், மாந்தர் நிலத்தை மாற்றினாலும் பிற உயிர்களுக்கு இடம் தர இயலும் என்பதைக் காட்டுகின்றன. அங்கு ஊராரின் பயனும் பறவையின் வாழ்வும் ஒரே நீரில் இணைந்திருந்தன.

சொல்லைக் காத்தால் நிலம் தானே காக்கப்படும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. குப்பைமேட்டை அகற்றுவதும் அயல்மரத்தைக் களைவதும் வரத்துக்காலை மீட்பதும் நிதியும் உழைப்பும் சட்டமும் வேண்டுவன. ஆனால் எதை மீட்க வேண்டும் என்பதை அறிவதற்கு, அங்கு என்ன இருந்தது என்று கூறும் சொல் முதலில் வேண்டும். கழுவெளி என்னும் சொல்லை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடமிருந்து அச்சொல்லையும் அதன் பொருளையும் கேட்டுப் பதிவு செய்வது காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய தமிழ்ப்பணியாகும்.